குருத்தில் சுண்ணாம்பு

மக்காச்சோளம் முழங்காலைத் தாண்டிய வாரத்தில்தான் புழு இறங்கியது. குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, கல்லும் செம்மண்ணும் சரிபாதியாகக் கிடக்கும் மானாவாரிக் காட்டில் கண்ணம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர். முதல் நாள் இலையில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள் தெரிந்தன. நாலாம் நாள் ஓட்டைகள் வரிசை கட்டி நின்றன. ஒரு செடியின் குருத்தை விரித்துப் பார்த்தாள். ஈர மரத்தூள் மாதிரி கழிவு. அதற்குள் சுருண்டு கிடந்தது ஒன்று. விரலிடுக்கில் வைத்து நசுக்கினாள். அடுத்த செடியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

அவள் புழுவுக்குப் பயப்படுகிறவள் இல்லை. பயம் வேறு.

ஆடி மாதத்தில் திருப்பூரிலிருந்து வந்திருந்த அவள் புருஷன் பழனிக்குமார், கை கழுவிக்கொண்டே சொல்லியிருந்தான்: "இந்த ஒரு வெள்ளாமை. இது வந்துச்சுன்னா நீ இங்கிட்டே இரு, நான் முன்ன மாதிரி வந்து போறேன். வரலேன்னா வீட்டைப் பூட்டிப்புட்டுக் கிளம்பிறணும். மறுபேச்சு கூடாது."

"சரி" என்றாள். வேறென்ன சொல்ல? மூன்று வருஷமாக ஒன்று மழை ஏமாற்றியது, இல்லையென்றால் பன்றி தின்றது.

ஊர்ப்பாசம் என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது. ஊர் அவளுக்கு என்ன செய்தது? முதுகை வளைத்தது, அவ்வளவுதான். ஆனால் காலையில் எழுந்ததும் இன்றைக்கு எந்தச் சாலில் இறங்குவது என்று அவளே முடிவு செய்வாள். திருப்பூரில் பத்து நாள் இருந்து பார்த்தாள். மணி அடித்தால் கும்பலாகப் பனியன் கம்பெனிக்குள் போகிறார்கள், மணி அடித்தால் கும்பலாக வெளியே வருகிறார்கள். அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். கை நீட்டினால் தொட்டுவிடலாம். பதினோராம் நாள் பஸ் ஏறிவிட்டாள்.

மணலும் சுண்ணாம்பும் போடலாம் என்று சொன்னது தீபா. எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு ஆசிரியர் தேர்வு எழுதிக்கொண்டிருப்பவள். இரண்டு தடவை கையெட்டும் தூரத்தில் வேலை தவறிப்போனது. நடுவில் சும்மா இருக்க முடியாது என்று களையெடுக்க வருவாள். போனில் பார்த்து அவள்தான் பக்குவம் சொன்னாள். ஒன்பது படி மணலுக்கு ஒரு படி சுண்ணாம்புத் தூள். மடியில் கட்டிக்கொண்டு, சால் பிடித்து நடந்து, குருத்துக்கு மூன்று விரல் சிட்டிகை. மணல் புழுவின் உடம்பை அறுக்கும், சுண்ணாம்பு காய வைக்கும்.

வீட்டில் ஏற்கெனவே நீற்றி, உலர்த்தி, சலித்து வைத்த சுண்ணாம்பு ஒரு சட்டி இருந்தது. ஓடை மணலோடு கலந்தார்கள். கண்ணம்மாள், தீபா, பேச்சாயி மூன்று பேரும் மேற்குப் பாதியில் இறங்கினார்கள். பேச்சாயிக்கு அறுபதுக்கு மேல். வாய்க்கு இருபது.

தீபாவுக்கு ஒரு பழக்கம். வேலை செய்யும்போது பாடத்தை வாய்விட்டுச் சொல்வாள். சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பாள். போன மாதம் களையெடுப்பு முழுக்க பிரெஞ்சுப் புரட்சி ஓடியது. இப்போது கடலுக்கு அந்தப் பக்கத்து மாயா நாகரிகம்.

"அம்புட்டுப் பெரிய ஊருக, அக்கா. கல்லுல கோபுரம், படிக்கட்டு, குளம். வெள்ளி எப்ப உதிக்கும் எப்ப மறையும்னு எழுதி வச்சிருந்தாக. ஆயிரத்து எரநூறு வருசத்துக்கு முன்னாடி, ஒண்ணொண்ணா எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டாக. காடு மூடிருச்சு."

"ஏன் போனாக?" என்றாள் கண்ணம்மாள், அடுத்த குருத்தில் மணலைத் தூவிக்கொண்டு.

"அதுதான் பத்து மார்க் கேள்வி."

"பத்து மார்க்குக்கு அம்புட்டுப் பேரு நாசமாப் போகணுமா?" என்றாள் பேச்சாயி.

தீபா சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். மழை பொய்த்தது என்கிறார்கள். குகைக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்து வளர்ந்த கல்லை அறுத்துப் பார்த்து, எந்த வருஷம் மழை இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் சண்டை என்கிறார்கள். மழையைக் கொண்டு வருவேன் என்று கோபுரத்தில் ஏறி நின்ற ராஜாவை ஜனங்கள் நம்பாமல் போனார்கள் என்கிறார்கள். கோபுரத்துக்குச் சாந்து பூசச் சுண்ணாம்பு சுட்டு, சுண்ணாம்பு சுட விறகு வெட்டி, காடே போயிற்று என்கிறார்கள்.

"நில்லு" என்றாள் பேச்சாயி. "என் மடியில கெடக்கே, இந்தச் சுண்ணாம்பா?"

"அதேதான், பெரிம்மா."

"கட்டடத்துக்குப் பூசி அழிஞ்சானா? கறுப்பா இருந்தா கட்டடம் நிக்காதாமா?"

"இன்னொருத்தர் சொல்றாரு," என்று தீபா குரலைத் தாழ்த்தினாள், "அவுக மக்காச்சோளத்துல ஒரு நோவு விழுந்துச்சாம். பூச்சி கொண்டுவர்ற நோவு. சோறு போச்சு, ஊரும் போச்சுங்கிறாரு."

கண்ணம்மாளின் கை குருத்தின் மேல் அப்படியே நின்றது. "அவுகளுக்கு எங்கிட்டு மக்காச்சோளம்?"

"மக்காச்சோளமே அந்தப் பக்கத்துதுதான், அக்கா. சாமி மொத மனுசன சோள மாவுல பெசஞ்சு செஞ்சாருன்னு அவுக கதை. நாம கோழித் தீவனத்துக்குப் போடுறோம். அவுக சுண்ணாம்புத் தண்ணியில அவிச்சு, அரைச்சு, ரொட்டி தட்டித் திம்பாக. இந்தப் புழுவும் அந்தப் பக்கத்துக்காரன்தான். சோளம் எப்பவோ வந்துருச்சு. இவன் இப்பத்தான் கப்பலேறி வந்து சேந்திருக்கான்."

"சம்பந்தம் வந்தா பின்னாடியே பங்காளி வரத்தானே செய்வான்" என்றாள் பேச்சாயி.

அன்று பொழுது சாய்வதற்குள் மேற்குப் பாதி முடிந்தது. சட்டியில் சுண்ணாம்பும் முடிந்தது.

மறுநாள் தீபாவுக்குத் திண்டுக்கல்லில் மாதிரித் தேர்வு, அதை முடித்து அத்தை வீட்டில் தங்கிவிட்டு சனிக்கிழமைதான் வருவாள். பேச்சாயி நூறுநாள் வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பழனிக்குமார் வருகிறான். கிழக்குப் பாதியில் புழு மொய்த்துக் கிடந்தது. தீபாவளிக்கு வெள்ளையடிக்க வாங்கி வைத்த கல்சுண்ணாம்பு அரை மூட்டை மூலையில் இருந்தது. அதைத் தண்ணீர் விட்டு நீற்றி, ஆற விட்டு, உலர்த்தி, சலிக்க வேண்டும். இரண்டு நாள் ஆகும். நீற்றின சுண்ணாம்பு ஈரமாக இருந்தால் மணலோடு கட்டி தட்டும், சிட்டிகைக்கு வராது.

கண்ணம்மாள் கல்லை அப்படியே உரலில் போட்டு இடித்தாள். மாவு மாதிரி வந்தது. ஒன்பதுக்கு ஒன்று என்பது புத்தகக் கணக்கு, இத்தனை புழுவுக்கு அது காணாது என்று தோன்றியது. ஊறுகாயிலும் சரி உரத்திலும் சரி, ஒரு கை கூடப் போட்டால்தான் அவளுக்குத் திருப்தி. பாதிக்குப் பாதி கலந்தாள். கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, விடியற்காலை வெளிச்சம் வந்ததும் இறங்கினாள். ராத்திரி ஒரு தூறல் போட்டிருந்தது. சோளக் குருத்து ஒவ்வொன்றும் ஒரு மடக்குத் தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்றது. வெள்ளைத் தூள் அதில் விழுந்ததும் மெல்ல ஒரு சத்தம் கேட்டது. யாரோ ரகசியம் சொல்வதுபோல. புழு சாகிற சத்தம் என்று நினைத்தாள். மனசுக்கு இதமாக இருந்தது. வானம் மூட்டமாகவே இருந்தது; சாப்பிடக்கூட நிற்காமல் ஓட்டமாக, பொழுது சாய்வதற்குள் கிழக்குப் பாதி முழுவதையும் முடித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் குருத்துகள் பழுத்தன. தொட்டு இழுத்தால் கையோடு வந்தன. அடியில் வெந்த கீரை மாதிரி ஒரு வாடை. புழு தின்றால் ஓட்டை இருக்கும், கழிவு இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. பத்து, இருபது, நாற்பது செடி பார்த்தாள். ஒரு புழு உயிரோடு இல்லை. ஒரு குருத்தும் உயிரோடு இல்லை.

நோவா? தீபா சொன்ன அந்த நோவா?

வெயில் உச்சிக்கு வந்தது. வரப்போரம் நின்ற வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்தாள். தூக்குவாளியில் கம்பங்கூழும் வெஞ்சனமாகக் கடித்துக்கொள்ள வெங்காயமும் இருந்தன. திறக்கவில்லை. மரத்தில் தலையைச் சாய்த்தாள். காட்டின் மேல் வெயில் தண்ணீர்போல ஆடியது. சோளத்தாள்கள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன. உரசல் பேச்சாக மாறியது எப்போது என்று தெரியவில்லை.

சோளக்காட்டுக்குள் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கூலிக்குப் போகிறவர்களின் நடை. தலைச்சுமையில் விறகு, கல், மறுபடியும் விறகு. கொஞ்ச தூரத்தில் வெள்ளையாக ஒன்று எழும்பி நின்றது. கரட்டுக் குன்று என்று நினைத்தாள். படிக்கட்டு இருந்தது. பூசின ஈரம் காயாத வெள்ளை. கண் கூசியது. உச்சியில் மயில்தோகை மாதிரி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் வானத்தைப் பார்த்து நின்றான். வானத்தில் ஒன்றுமில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கீழே யாரும் அவனைப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் வயதுதான். கையில் காப்புக் காய்த்திருந்தது. முன்னால் ஒரு பானை. பானையில் தண்ணீர்.

"உங்களுக்கும் புழுவா?" என்று கேட்டாள் கண்ணம்மாள்.

அந்தப் பெண் பானையையே பார்த்தாள். மடியிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துப் பானைக்குள் போட்டாள். தண்ணீர் சீறியது. கல் விரிந்தது, உடைந்தது, கொதித்தது. அடுப்பில்லாமல், விறகில்லாமல், பானை தளதள என்று கொதித்து ஆவி விட்டது. சோளம் போடப்போகிறாள் என்று கண்ணம்மாள் காத்திருந்தாள். அவள் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொதி அடங்கியது. ஆவி அடங்கியது. இன்னும் உட்கார்ந்திருந்தாள். உச்சியில் நின்றவனின் நிழல் நகர்ந்து அவர்கள் இருவரையும் கடந்து போனது. பானை ஆறிக் குளிர்ந்த பிறகுதான் ஒரு கை சோளத்தை எடுத்தாள்.

கண்ணம்மாள் விழித்தபோது வாய் உலர்ந்திருந்தது. எதிரே கிழக்குப் பாதி. ஒவ்வொரு குருத்தும் ஒரு பானை. ஒவ்வொரு பானையிலும் ஒரு மடக்குத் தண்ணீர். அன்றைக்குக் கேட்டது புழு சாகிற சத்தம் இல்லை.

வெள்ளையடிக்கிற எந்த வீட்டிலும் சின்னப் பிள்ளைக்குத் தெரியும், கல்சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்று. நீற்றும்போது பக்கத்தில் போகாதே என்று அவளே நூறு தடவை தெருப் பிள்ளைகளை விரட்டியிருக்கிறாள்.

சனிக்கிழமை தீபாவும் பேச்சாயியும் மேற்குப் பாதிக்கு மறுபடி மணல் தூவ வந்தார்கள். இந்தத் தடவை வெறும் மணல். கிழக்கே பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சாயி கேட்காமல் இருந்ததுதான் கண்ணம்மாளுக்கு அதிகம் வலித்தது.

நாலு சால் போன பிறகு அவளே தொடங்கினாள். "ஏ தீபா. அந்த மாயாக்காரக... அவுகளா செஞ்சுக்கிட்டதா, இல்ல வந்து விழுந்ததா?"

"ரெண்டுந்தான்ங்கிறாக அக்கா. ஒரு ஊருல அப்படி, ஒரு ஊருல இப்படி. ஒரே காரணம் இல்லைன்னு முடிக்கணும், அப்பத்தான் முழு மார்க்."

"மார்க்கை விடு. செத்தாகளா, போனாகளா?"

"நெறையப் பேரு செத்திருப்பாக. மிச்சப் பேரு சின்னச் சின்ன ஊராப் பிரிஞ்சு போயிட்டாக. இன்னிக்கும் லட்சக்கணக்குல இருக்காக. அவுக பாசையைத்தான் பேசுறாக. சோளந்தான் போடுறாக."

கண்ணம்மாள் நிமிர்ந்தாள். "அப்ப அழிஞ்சு போனாகன்னு எதுக்குப் புஸ்தகத்துல போடுறாக?"

தீபா யோசித்தாள். "கோபுரம் கட்டுறத நிறுத்திட்டாகல்ல."

"கொத்தனாரு வேலை நின்னா அழிஞ்சதுன்னு அர்த்தமாடி?" என்று பேச்சாயி அடுத்த சாலிலிருந்து கத்தினாள். "எம் மகன் கொத்தனாருதான். வருசத்துல ஆறு மாசம் அவனுக்கு வேலை இல்ல. அவன் என்ன அழிஞ்சா போயிட்டான்? தின்னுபுட்டுத் தூங்குறான்."

"அழிஞ்சிருந்தா," என்றாள் கண்ணம்மாள், யாரிடமும் இல்லாமல், "இந்தச் சோளம் எப்படி என் காட்டுக்கு வந்துச்சு? எவளோ ஒருத்தி வெதையை மடியில முடிஞ்சு எடுத்துட்டுப் போயிருக்கா."

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பழனிக்குமார் வந்தான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. முகம் கலைந்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே காட்டுக்கு வந்துவிட்டான். வரப்பில் நின்று கிழக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான், மறுபடி கிழக்கே பார்த்தான். மேற்கே பச்சை. கிழக்கே கருகின தலைகள், சவம் தூக்கப் போகிற கூட்டம் மாதிரி அசையாமல்.

"புழுவா?" என்றான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சுலபம். புழுவின் மேல் போட்டுவிட்டு, பூட்டைத் தேடிக்கொண்டு, தலை குனிந்து பஸ் ஏறியிருக்கலாம். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"புழு இல்ல. நான்."

சொன்னாள். உரலில் இடித்தது, பாதிக்குப் பாதி கலந்தது, தூறல், குருத்துத் தண்ணீர், எல்லாம். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. நல்ல சிரிப்பு இல்லை.

"ஏ கிறுக்கி. நீத்தாத சுண்ணாம்பையா போட்ட? வெளங்கும்! சரி, போச்சு. சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. வெள்ளாமை வரலேன்னா கெளம்பணும்னு சொன்னீக. வெள்ளாமை வந்துச்சு. நாந்தான் சுட்டேன்."

"இது என்ன வக்கீல் பேச்சு?"

"வானம் பொய்ச்சிருந்தா, இந்நேரம் பையைக் கட்டி வச்சிருப்பேன். வானத்தை நான் என்ன செய்ய? இது எங்கை செஞ்சது. எங்கை செஞ்சத எங்கையால திருத்தலாம். அதுக்குத்தான் இருக்கேங்கிறேன்."

பழனிக்குமார் வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினான். வெகுநேரம் தட்டினான்.

"பன்னெண்டு வருசம்" என்றான் செருப்பைப் பார்த்துக்கொண்டே. "பன்னெண்டு வருசமா நானே பொங்கி நானே திங்கிறேன். பக்கத்து ரூமுல குடும்பம் இருக்கு. வெங்காயம் வதக்குற வாசம் செவுத்தைத் தாண்டி வரும். அதை மோந்துக்கிட்டே வெறுஞ்சோறு தின்னுருக்கேன். நீ மணலு, புழுங்கிற."

இதை அவன் இதுவரை சொன்னதில்லை. தூக்குவாளியைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழைக் குடித்தான். பாதி குடித்ததும் வாளியை அவள் பக்கம் நகர்த்தினான். காற்று விழுந்திருந்தது. சோளக்காட்டில் ஒரு தாளும் அசையவில்லை. அந்தப் பச்சைக்குள் யாரோ சுமையோடு போய்க்கொண்டே இருப்பதுபோல அவளுக்கு மட்டும் தோன்றியது.

அவன் எழுந்து மேற்குப் பாதிக்குள் போனான். ஒரு குருத்தை விரித்தான். இன்னொன்றை விரித்தான். விரல் நுனியில் எதையோ எடுத்து வந்து காட்டினான். செத்துக் காய்ந்த புழு. உடம்பெல்லாம் மணல் ஒட்டியிருந்தது.

"இதுல எதைப் போட்ட?"

"இதுல தீபா சொன்ன பக்குவம். நீத்துனது. ஒம்பதுக்கு ஒண்ணு."

"அந்தப் புள்ள சொன்னதக் கேட்டிருந்தா முழுசும் பச்சையா இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

அவள் ஒப்புக்கொண்டது அவனுக்கு எதிர்பாராதது. புழுவை வரப்பில் தேய்த்துத் துடைத்தான். கிழக்கே கையைக் காட்டினான்.

"இத என்ன செய்யப் போற?"

"கருகுன தலையைக் கிள்ளிப் போட்டுட்டா, அடித்தட்டை ஆட்டுக்கு ஆகும். பிடுங்கிட்டு கொள்ளு வெதைக்கலாம். இருக்குற ஈரத்துக்கு மொளைச்சுரும்."

"ஒத்த ஆளாவா பிடுங்குவ?"

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கிழக்கே நடந்தாள். அவன் சட்டையைக் கழற்றி வெள்வேலக் கிளையில் மாட்டினான். மறுபேச்சு கூடாது என்று சொன்னவன் அவன்தான். அதனாலோ என்னவோ, அதைப் பற்றி ஒரு பேச்சும் பேசாமல் கடைசிச் சாலில் இறங்கினான்.

சாயங்காலம் பஸ் போகிற சத்தம் தார்ரோட்டிலிருந்து கேட்டது. இரண்டு பேரும் நிமிரவில்லை. "நாளைக்கு விடியால வண்டிக்குப் போயிருவேன்" என்றான் அவன். "பொங்கலுக்குக் கதிரைப் பாக்குறேன். அப்புறம் பேசுவோம். நானும் இப்படியே எத்தனை வருசம் ஓட்டுவேன்னு தெரியல, அதையும் பேசணும்."

"பேசுவோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த கல்சுண்ணாம்பை மண்தொட்டியில் கொட்டினாள். அவன் குடத்தைத் தூக்கிவந்து தண்ணீரைச் சாய்த்தான். சீறியது. கல் வெடித்தது. வெள்ளை ஆவி எழும்பி மேற்கு வெளிச்சத்தில் படிப்படியாக, ஒன்றின் மேல் ஒன்றாக, கட்டிக்கொண்டே போனது. அவன் குச்சியை எடுத்துக் கிளறப் போனான்.

"தொடாதீக" என்றாள். "அதுவா ஆறட்டும்."

இரண்டு பேரும் தொட்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். கொதி அடங்குவதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.